ஜிஎன் செக் காட்டும் ஹெடர் பிழைகள்: டெப்ஸைச் சரிசெய்வதா, வாயை அடைப்பதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகா பக்கம் பால் சொசைட்டிகள்ல வைக்கற கருவிக்கு சாஃப்ட்வேர் எழுதற சின்ன டீம் எங்களுது. பால் ஊத்துனதும் ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்ச திடப்பொருள்) அளவு வரும். அதை ரேட் சார்ட்டோட ஒத்துப் பார்த்து விலை போட்டு, தமிழ்லயும் மலையாளத்துலயும் ரசீது அடிக்கணும். கோட் முழுக்க சி பிளஸ் பிளஸ். பில்டுக்கு ஜிஎன், நிஞ்சா: எதுக்கு எது வேணும்னு நாங்க எழுதற பில்ட் ஃபைலை ஜிஎன் படிச்சு வேலை வரிசை எழுதிக் குடுக்கும், நிஞ்சா அதை ஓட்டும்.

பிரச்னை இதுதானுங்க. புதுசா சேர்ந்தவங்க கோடை இழுத்து முதல் தடவை பில்ட் போட்டா, டிஸ்ப்ளே.சிசி-யில "ரேட்_டேபிள்.ஹெச் இல்லை"ன்னு நின்னுடுது. ஒண்ணும் மாத்தாம அதே கமாண்டை மறுபடி அடிச்சா முடிஞ்சிடுது. என் பழைய லேப்டாப்புல இப்படி ஆனதே இல்லை. கோர் அதிகமா இருக்கற பில்ட் மெஷின்ல அடிக்கடி ஆகுது. அந்த ஹெடர் கையால எழுதுனது இல்லைங்க, ரேட் ஷீட்டை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் படிச்சு பில்ட் நடக்கும்போது உருவாக்கறது.

ஜிஎன் செக் ஓட்டிப் பாரு, இன்க்ளூட் பண்ற ஹெடர் எல்லாம் பில்ட் ஃபைல்ல எழுதினதோட பொருந்துதான்னு பார்க்கும்னு ஒருத்தர் சொன்னார். ஓட்டினா திரை முழுக்க "இன்க்ளூட் நாட் அலவ்ட்". இந்த வரியைப் பார்க்காதேன்னு சொல்ற நோஜிஎன்செக் கமெண்ட் போட்டு அடக்கிடலாம்ங்கறார் டீம்ல ஒருத்தர். ஒவ்வொரு டார்கெட்டும் (பில்ட் ஃபைல்ல ஒரு தனித் துண்டு) தனக்கு வேணும்னு எழுதற மத்த டார்கெட் பட்டியல்தான் டெப்ஸ், அது எல்லாத்தையும் தன்னை எடுத்தவங்களுக்கும் கடத்தற பப்ளிக்_டெப்ஸ் ஆக்கிடு, ஒரே நாள்ல சிவப்பெல்லாம் போயிடும்ங்கறார் இன்னொருத்தர். எனக்கு ரெண்டுமே மனசுக்கு ஒப்பலை. என்ன செய்யலாமுங்க?

பாறசாலை அக்கா:

தம்பி, ரெண்டும் வேண்டாம். முதல்ல டிஸ்ப்ளே பத்தின பிழை ஒண்ணையும், அந்த டார்கெட்டோட பில்ட் ஃபைலையும் இங்க போடுங்க. மொத்தமா திரையைப் பார்த்தா மலைப்பாத்தான் இருக்கும். ஒண்ணை எடுத்து அடிவரை போனா மிச்சம் பாதி அதே மாதிரிதான் இருக்கும், பாத்துக்கிடுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இந்தாங்க அக்கா. டிஸ்ப்ளே ஒரு சோர்ஸ்_செட் (லைப்ரரி ஆக்காம கம்பைல் மட்டும் ஆகற கோப்புத் தொகுப்பு). அதுல சோர்ஸஸ்: டிஸ்ப்ளே.சிசி, டிஸ்ப்ளே.ஹெச், ஃபான்ட்.ஹெச். டெப்ஸ்: பேஸ் மட்டும். டிஸ்ப்ளே.சிசி-யோட மூணாவது வரியில ரேட்_டேபிள்.ஹெச்-ஐ இன்க்ளூட் பண்றோம். அந்த ஹெடரை உருவாக்கறது பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டற ரேட்_ஜென்ங்கற ஆக்‌ஷன் டார்கெட். ரேட்ங்கற லைப்ரரி அதை பப்ளிக்_டெப்ஸ்ல வச்சிருக்கு. கடைசியா வர்ற எக்ஸிக்யூட்டபிள் டிஸ்ப்ளே, ரேட், பிரிண்டர் மூணையும் டெப்ஸ்ல போட்டிருக்கு.

பிழை சொல்றது: இந்த ஹெடர் டிஸ்ப்ளேவோட எந்த டிபென்டன்சியிலயும் இல்லை, அது இருக்கற டார்கெட் ரேட்_ஜென், அங்க போய்ச் சேர ஒரு வழி இருக்கணும்னு.

ஆனா கம்பைலர் அந்த ஹெடரைக் கண்டுபிடிக்குதே? அதுதான் எனக்குப் புரியலைங்க.

பாறசாலை அக்கா:

கம்பைலருக்குத் தெரியறது டைரக்டரி மட்டும். பில்டுல உருவாகற கோப்பு விழற ஜென் டைரக்டரியை எல்லா டார்கெட்டுக்கும் பொதுவான கான்ஃபிக்ல இன்க்ளூட்_டர்ஸா (ஹெடர் தேடற இடமா) போட்டிருப்பீங்க. அதனால அங்க கிடக்கற எந்த ஹெடரையும் யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம். இந்த ஹெடர் யாருக்குச் சொந்தம், அதை யாரு உருவாக்குதான்னு கம்பைலர் கேக்காது. கோப்பு அங்க இருந்தா பில்ட் பாஸ், இல்லேன்னா ஃபெயில்.

நிஞ்சாவுக்குத் தெரியறது ஜிஎன் எழுதிக் குடுத்த வரிசை மட்டும். டிஸ்ப்ளேக்கும் ரேட்_ஜென்னுக்கும் நடுவுல கோடே இல்லை. அப்போ எதை முதல்ல ஓட்டணும்னு நிஞ்சாவுக்குக் கட்டாயம் ஒண்ணும் இல்லை. உங்க லேப்டாப்புல ஒரே நேரத்துல ஓடுற வேலை கொஞ்சம், அதனால டிஸ்ப்ளேயோட முறை வர்றதுக்குள்ள பைத்தான் ஸ்கிரிப்ட் முடிஞ்சிருது. பெரிய மெஷின்ல ரெண்டும் ஒண்ணா கிளம்பும். ஸ்கிரிப்ட் எழுதி முடிக்கதுக்கு முன்னாடி கம்பைலர் போய் ஹெடரைத் தேடும்.

எக்ஸிக்யூட்டபிள் மூணையும் டெப்ஸ்ல வச்சிருக்குன்னீங்கல்லா, அது லிங்க் பண்றதுக்கான (கடைசியில ஒண்ணாச் சேர்க்கறதுக்கான) வரிசை. டிஸ்ப்ளே.சிசி கம்பைல் ஆகறதுக்கு முன்னாடி ஹெடர் வந்திருக்கணும்னு அது எங்கயும் சொல்லலை.

டிஸ்ப்ளேயோட டெப்ஸ்ல ரேட்-ஐச் சேருங்க. ஒரே வரி. ரேட்_ஜென்னை நேரடியாச் சேர்க்க வேண்டாம், ரேட் அதை பப்ளிக்_டெப்ஸ்ல வச்சிருக்கதனால வழி தானா கிடைக்கும். சேர்த்துட்டு 'ஜிஎன் பாத்' கமாண்டுல டிஸ்ப்ளேயையும் ரேட்_ஜென்னையும் குடுத்துப் பாருங்க, போற வழியை வரி வரியா காட்டும்.

நகரி ரயில்:

அரக்கோணத்துல வண்டி நிக்குது, அந்த நேரத்துல எழுதறேன்.

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். மறுபடி அடிச்சா ஏன் ஓடுதுன்னு பலபேர் யோசிக்கிறதே இல்லை. "நெட்வொர்க் ஏதோ, மெஷின் ஏதோ"ன்னு விட்டுடறாங்க. முதல் தடவையிலயே ஸ்கிரிப்ட் ஹெடரை எழுதி வச்சிடுது, ரெண்டாவது தடவை அது அங்க தயாரா கிடக்குது, அவ்வளவுதான். அதுக்கப்புறம் பிழை ஏன் வர்றதே இல்லைங்கறதுக்குக் காரணம் வேற.

சி பிளஸ் பிளஸ் கோப்பு எந்தெந்த ஹெடரைத் தொட்டதுன்னு கம்பைலரே ஒரு டெப்ஃபைல்ல எழுதிக் குடுக்கும். ஜிசிசி கம்பைலர்ல எம்எம்டி ஃபிளாக் போட்டா வர்ற டாட் டி கோப்பு அதான். நிஞ்சா அதைப் படிச்சு டாட் நிஞ்சா_டெப்ஸ்ங்கற பதிவேட்டுல ஏத்திக்கும். அடுத்த தடவை ரேட்_டேபிள்.ஹெச் மாறினா டிஸ்ப்ளேயை மறுபடி கம்பைல் பண்ணணும்னு அதுக்கு அப்பத்தான் தெரியும், வரிசையையும் சரியா வச்சுக்கும்.

கவனிங்க, இந்தத் தகவல் கம்பைல் வெற்றியா முடிஞ்ச பிறகுதான் கிடைக்குது. முதல் பில்டுல பதிவேடு காலி. பில்ட் ஃபைல்ல எழுதின டெப்ஸைத் தவிர நிஞ்சா கையில வேற எதுவும் இல்லை. அதனாலதான் பழைய ஆளுங்க மெஷின்ல எல்லாம் நல்லா ஓடி, புதுசா வர்றவங்க தலையிலயும் பில்ட் மெஷின் தலையிலயும் மட்டும் விழுது. பில்ட் வெளியீடு கிடக்கற அவுட் டைரக்டரியை மாசக்கணக்கா அழிக்காதவங்களுக்கு இந்தப் பிழை கண்ணுல படவே படாது.

முழு பில்ட் ஒண்ணு முடிஞ்சதும் 'நிஞ்சா மைனஸ் டி மிஸ்ஸிங்டெப்ஸ்' ஓட்டுங்க. பில்டுல உருவான ஹெடரைத் தொட்டிருக்கு, ஆனா உருவாக்கின வேலையோட தொடர்பே எழுதலைங்கற ஆப்ஜெக்ட் கோப்புகளை (கம்பைல் ஆகி வந்தது) அது பட்டியல் போடும். ஜிஎன் செக் சோர்ஸ் கோப்போட இன்க்ளூட் வரியைப் படிக்குது. இது கம்பைலர் நிஜமாத் தொட்டதைப் பார்க்குது. ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிக்கும், ரெண்டும் வேணும்.

வேலந்தாவளம்:

எல்லாரும் சொல்றது சரிங்க. ஆனா நாலஞ்சு பேர் இருக்கற டீமுக்கு இவ்வளவு தேவையான்னு நான் நிஜமாவே கேக்கறேன். டிஸ்ப்ளே, பிரிண்டர், ரேட் எல்லாத்தையும் ஒரே டார்கெட்ல போட்டுட்டா ஹெடர் யாருதுங்கற கேள்வியே வராதே? கருவிக்குள்ள போறது ஒரே பைனரி. சின்ன கோடை சின்ன கோடா வச்சுக்கறதும் ஒரு நல்ல முடிவுதானுங்க. டார்கெட்டைத் துண்டு துண்டா வெட்டி, அதுக்குக் காவல் போட்டு, காவலுக்கு ஒரு காவல் போட்டுன்னு போனா பால் ரசீது எப்போ அடிக்கறது?

சத்தியவேடு:

வேலந்தாவளம் அண்ணா, உங்க கேள்வி நியாயம்தான். கோட் சின்னதா இருக்கிற வரைக்கும் ஒரே டார்கெட் நல்லதுன்னு நானும் ஒத்துக்கறேன். ஆனா டிபென்டன்சி தப்பா இருந்தா பில்ட் நிக்கும், அவ்வளவுதானேன்னு நினைக்காதீங்க. நிக்கறது நல்ல பிழை. நிக்காம போறதுதான் பயம்.

முன்னாடி ஒரு இடத்துல வேலை பார்த்தேன். மேக்-ங்கற பில்ட் கருவிக்குக் கையால எழுதின மேக்ஃபைல், ஹெடர் டிபென்டன்சி எதுவும் கிடையாது, சிபிபி கோப்பு மாறினா மட்டும் கம்பைல் ஆகும். ஒரு ஸ்ட்ரக்ட் நடுவுல புதுசா ஒரு ஃபீல்டு சேர்த்தாங்க. அந்த ஹெடரை நாலு கோப்பு எடுத்துக்குது. அதுல மூணு மட்டும் அன்னிக்கு மாறியிருந்ததால மறுபடி கம்பைல் ஆச்சு. நாலாவதோட ஆப்ஜெக்ட் பழசு. லிங்க்கர் ஒரு வார்த்தை சொல்லல, ஏன்னா பேரெல்லாம் பொருந்துது. பைனரியில முக்கால் பாகம் ஸ்ட்ரக்டைப் புது அளவுல பார்க்குது, கால் பாகம் பழைய அளவுல பார்க்குது. திரையில எடை வரவேண்டிய இடத்துல வேற எண் வந்துது. அதைப் பிடிக்க எத்தனை ராத்திரி போச்சுன்னு அங்க இருந்தவங்களுக்குத்தான் தெரியும். கோடுல தப்பே இல்லை, படிச்சா எல்லாம் சரியா இருக்கும்.

1976ல பெல் லேப்ஸ்ல ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் மேக்-ஐ எழுதக் காரணமே இப்படி ஒரு வலிதான். யாக்-ங்கற பார்சர் ஜெனரேட்டரை எழுதின ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுக்க சரியான புரோகிராமை டீபக் பண்ணிட்டிருந்தாராம். பிழையை ஏற்கெனவே திருத்தியாச்சு, ஆனா அந்தக் கோப்பு மறுபடி கம்பைல் ஆகல. எத்தனையோ வருஷம் ஆயாச்சு, டெப்ஸ் எழுதாம விட்டா இன்னிக்கும் அதே கதைதான்.

உங்க கருவி விவசாயிக்குக் காசு கணக்குப் போடுது. எஸ்என்எஃப் இருக்க வேண்டிய இடத்துல பழைய ஃபீல்டைப் படிச்சா ரசீதுல விலை தப்பா விழும். பில்டை நம்ப முடியணும் அண்ணா.

மேக்லயே இருக்கறவங்க எம்எம்டியோட எம்பி ஃபிளாக்கும் போடுங்க. இல்லேன்னா ஒரு ஹெடரை அழிச்சதும் "நோ ரூல் டு மேக் டார்கெட்"னு நின்னுடும், ஜனங்க எரிச்சல்ல டாட் டி கோப்பு எல்லாத்தையும் தூக்கிடுவாங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அக்கா, ரேட்-ஐ டெப்ஸ்ல சேர்த்தேன், அவுட் டைரக்டரியை அழிச்சிட்டு பெரிய மெஷின்ல போட்டேன், பிழை போயிடுச்சு. நகரி அண்ணா சொன்ன மிஸ்ஸிங்டெப்ஸ் இன்னும் ரெண்டு இடத்தைக் காட்டுச்சு, ரெண்டுமே பிரிண்டர்ல.

இப்போ அடுத்த கேள்வி. எப்போ டெப்ஸ், எப்போ பப்ளிக்_டெப்ஸ்? எல்லாத்தையும் பப்ளிக்_டெப்ஸ் ஆக்கினா என்ன கெடுதல்? ஒண்ணு மாறினா எல்லாம் மறுபடி கம்பைல் ஆகுமா?

பாறசாலை அக்கா:

மறுபடி கம்பைல் ஆகதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை தம்பி, இதைப் பலபேரு குழப்பிக்கிடுதாங்க. ஒரு ஹெடர் மாறினா எந்த சி பிளஸ் பிளஸ் கோப்பு மறுபடி கம்பைல் ஆகும்னு முடிவு பண்றது நகரி தம்பி சொன்ன டெப்ஃபைல். பப்ளிக்_டெப்ஸ்னு எழுதினதால மட்டும் ஒரு கோப்பு கூடுதலா கம்பைல் ஆகாது.

கெடுதல் வேற. பிரிண்டர் ரேட்-ஐ பப்ளிக்_டெப்ஸ்ல வச்சா, பிரிண்டரை டெப்ஸ்ல வச்சவன் எல்லாரும் ரேட்டோட ஹெடரைத் தாராளமா இன்க்ளூட் பண்ணலாம், ஜிஎன் செக் கேக்காது. ரேட்டோட பப்ளிக்_கான்ஃபிக்ஸ்ல இருக்கற டிஃபைன், இன்க்ளூட் பாதை எல்லாம் அவங்களுக்கும் வழிஞ்சு வரும். நாளைக்கு நீங்க பிரிண்டர்ல ரேட்-ஐ எடுத்துடணும்னு நினைச்சா, உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருத்தர் கோட் உடையும். அவரு ரேட் வேணும்னு எங்கயும் எழுதிருக்க மாட்டாரு, பிரிண்டர் வழியா வந்ததை எடுத்துக்கிட்டிருப்பாரு. எல்லாம் பப்ளிக் ஆயிட்டா ஜிஎன் செக் பச்சையாத்தான் இருக்கும், ஆனா அது சரிபார்க்க ஒண்ணுமே மிச்சம் இருக்காது.

நான் பார்க்கறது டார்கெட்டோட பொது ஹெடரைத்தான். பிரிண்டர்.ஹெச்-ஐத் திறங்க. அதுல ரேட்.ஹெச்-ஐ இன்க்ளூட் பண்ணியிருக்கா? ஒரு ஃபங்ஷன் ரேட் டைப்பை வாங்குதா, திருப்பிக் குடுக்குதா? அப்போ பிரிண்டரை எடுத்தவனுக்கு ரேட்டும் வேணும், பப்ளிக்_டெப்ஸ்தான் சரி. பிரிண்டர்.சிசி-க்குள்ள மட்டும் ரேட் பயன்பட்டா வெறும் டெப்ஸ். ஹெடர்ல இருக்கறது வெறும் பாயின்டரா ரெஃபரன்ஸான்னும் பாருங்க. ஃபார்வர்ட் டிக்ளரேஷன் (டைப்போட பேரை மட்டும் அறிவிக்கறது) போதும்னா இன்க்ளூடை சிசி-க்குள்ள இறக்கிடலாம், உறவும் பிரைவேட் ஆயிரும். பலமுறை இந்த ஒரு வேலையிலயே பாதி சிக்கல் அவிழும்.

இன்னொண்ணு, உங்க டிஸ்ப்ளேயில ஃபான்ட்.ஹெச்-ஐ சோர்ஸஸ்ல வச்சிருக்கீங்க. பப்ளிக்னு தனியா ஒரு பட்டியல் இல்லேன்னா, சோர்ஸஸ்ல இருக்கற எல்லா ஹெடரும் பொதுன்னு ஜிஎன் எடுத்துக்கிடும். ஃபான்ட்.ஹெச் உங்க உள்வேலை. 'பப்ளிக்' பட்டியல்ல டிஸ்ப்ளே.ஹெச்-ஐ மட்டும் எழுதுங்க. அப்புறம் ஃபான்ட்.ஹெச்-ஐ வெளியில எவன் தொட்டாலும், டெப்ஸ் சரியா இருந்தாலும், செக் மறிச்சிரும்.

இதையும் விசிபிலிட்டியையும் ஒண்ணா நினைக்காதீங்க. விசிபிலிட்டி இந்த டார்கெட்டை யாரு டெப்ஸ்ல வைக்கலாம்னு சொல்லுது, பப்ளிக் பட்டியல் வச்சவன் எந்த ஹெடரைத் தொடலாம்னு சொல்லுது. ஜிஎன்ல விசிபிலிட்டி எழுதாம விட்டா எல்லாருக்கும் திறந்திருக்கும். பேசல்ங்கற இன்னொரு பில்ட் கருவியில எழுதாம விட்டா அந்த பேக்கேஜுக்குள்ள மட்டும். எனக்கு பேசல் வழிதான் பிடிக்கும். கேட்டுட்டு வரட்டும்.

நகரி ரயில்:

நோஜிஎன்செக் பத்தி யாரும் சொல்லல. அதுக்கு நியாயமான இடம் ஒண்ணு உண்டு. ஜிஎன் பிரிபிராசஸரை ஓட்டறதில்லை, இன்க்ளூட் வரிகளை அப்படியே படிக்குது. மலையாள ரசீதுக்கான ஹெடரை இஃப்டெஃப் கண்டிஷனுக்குள்ள வச்சு, பில்ட் ஃபைல்லயும் அதே கண்டிஷன்ல டெப்ஸ் சேர்த்திருந்தா, தமிழ் மட்டும் பில்ட் போடும்போது செக் வீணா கத்தும். அந்த வரிக்கு மட்டும் கமெண்ட் போடலாம். மத்தபடி நான் ரிவ்யூ பண்ற கோட்ல நோஜிஎன்செக் பார்த்தா காரணம் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிடுவேன்.

சத்தியவேடு:

எங்க லைன்ல பில்டுக்கு சிமேக். நாங்க டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ்ல பப்ளிக், பிரைவேட் சரியாத்தான் எழுதறோம். அப்போ இதே பாதுகாப்பு கிடைச்சாச்சா?

பாறசாலை அக்கா:

பாதிதான். சிமேக்ல பப்ளிக், பிரைவேட் எல்லாம் இன்க்ளூட் பாதையும் ஃபிளாகும் யாருக்குப் போகணும்னு முடிவு பண்ணும். ஒரு டைரக்டரி பாதை கிடைச்சிட்டா அதுக்குள்ள இருக்கற அத்தனை ஹெடரும் தெரியும். அதனால பொது ஹெடரை 'இன்க்ளூட்' ஃபோல்டர்லயும் உள்வேலை ஹெடரை 'எஸ்ஆர்சி'யிலயும் பிரிச்சு வைக்கதுதான் அங்க உண்மையான வேலி. 3.23ல ஃபைல்_செட் ஹெடர்ஸ் வந்துது, எந்த ஹெடர் பொதுன்னு பேரைச் சொல்லி எழுதலாம். 3.24ல இருந்து வெரிஃபை_இன்டர்ஃபேஸ்_ஹெடர்_செட்ஸ் ஆன் பண்ணிட்டு அதுக்கான டார்கெட்டை பில்ட் போட்டா, ஒவ்வொரு பொது ஹெடரையும் தனியா கம்பைல் பண்ணிப் பார்க்கும். தனக்கு முன்னாடி இன்னொரு ஹெடர் வந்திருக்கும்னு நம்பி எழுதின ஹெடர் எல்லாம் அங்கயே மாட்டிக்கிடும்.

பேசல்லயும் சாண்ட்பாக்ஸ் (எழுதின கோப்பை மட்டும் கண்ணுல காட்டற வேலி) இருக்கேன்னு நிம்மதியா இருக்க முடியாது. எழுதாத ஹெடர் உள்ள வராதுங்கது சரி, ஆனா டெப்ஸோட டெப்ஸ் வழியா வர்ற ஹெடர் அங்க இருக்குமே. நேரடியா எழுதினதை மட்டும்தான் இன்க்ளூட் பண்ணணும்னா கிளாங் கம்பைலரை வச்சு பேசலோட லேயரிங்_செக் அம்சத்தை ஆன் பண்ணணும்.

வேலந்தாவளம்:

ஸ்ட்ரக்ட் கதையைப் படிச்ச பிறகு என் பேச்சுல கொஞ்சம் இறங்கி வர்றேனுங்க. டெப்ஸ் உண்மையா இருக்கணும், அதுல மறுபேச்சு இல்லை. டார்கெட்டை எவ்வளவு சின்னதா வெட்டணும்ங்கறதுல மட்டும் என் கருத்து அப்படியேதான். ஒரே ஆள் எழுதி, ஒரே ஆள் மாத்தி, சேர்ந்தே வெளியாகற கோப்புகளுக்கு நடுவுல சுவர் வேண்டாம்.

சரி, இருக்கற பிழை அத்தனையையும் ஒரே நாள்ல தீர்க்காம செக்கை ஆன் பண்ண வழி உண்டுங்களா?

நகரி ரயில்:

உண்டு அண்ணா. டாட் ஜிஎன் கோப்புல செக்_டார்கெட்ஸ்னு ஒரு பட்டியல் போடலாம், அதுல இருக்கறதை மட்டும் பார்க்கும். ரேட்-ல ஆரம்பிச்சு, சுத்தமானதை ஒண்ணொண்ணாச் சேர்த்துட்டு வாங்க. 'ஜிஎன் ஜென்'னோட செக் ஆப்ஷனைப் போட்டு பில்ட் மெஷின்ல வச்சிட்டா, சுத்தமானது மறுபடி அழுக்காகாது. கம்பைல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், நேரமும் பெருசா எடுக்காது.

ஆங்கிள் பிராக்கெட்ல இருக்கற இன்க்ளூடை அது சாதாரணமாப் பார்க்காது, மேற்கோள் குறிக்குள்ள இருக்கறதை மட்டும்தான் பார்க்கும். நம்ம சொந்த ஹெடரை ஆங்கிள் பிராக்கெட்ல எழுதற பழக்கம் டீம்ல யாருக்காவது இருந்தா, முதல்ல அதை மாத்துங்க. இல்லேன்னா செக்_சிஸ்டம்_இன்க்ளூட்ஸ்-ஐ ஆன் பண்ணுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

ரேட், டிஸ்ப்ளே ரெண்டும் சுத்தமாயிடுச்சுங்க. செக்_டார்கெட்ஸ்ல ஏத்தியாச்சு. ஃபான்ட்.ஹெச்-ஐ மறைச்சதும் பிரிண்டர் அதைத் தொட்டுட்டிருந்தது தெரிஞ்சது, மலையாள எழுத்தோட அகலத்தை அங்கிருந்து எடுத்துட்டிருந்துச்சு. அதைத் தனி டார்கெட் ஆக்கி, ரெண்டு பேரும் டெப்ஸ்ல வச்சுக்கிட்டாச்சு.

ஒண்ணு மட்டும் மாட்டுதுங்க அக்கா. பிரிண்டர் ரேட்-ஐ டெப்ஸ்ல வச்சிருக்கு. ஆனா ரேட்.சிசி பிரிண்டர்.ஹெச்-ல இருக்கற ரவுண்டிங் ஈனமை (பேர் வச்ச மதிப்புகளோட பட்டியல்) எடுக்குது. பைசாவை எப்படி முழுசாக்கறதுங்கறது அங்க இருக்கு. அலவ்_சர்குலர்_இன்க்ளூட்ஸ்_ஃப்ரம் போட்டா செக் விட்டுடும்னு படிச்சேன். போடலாமா?

பாறசாலை அக்கா:

போடாதீங்க. அது ஒரே டார்கெட்டா இருக்க வேண்டியதை வேற வழியில்லாம ரெண்டா உடைச்சவங்களுக்கு. பைசாவை முழுசாக்கது விலைக் கணக்கோட வேலை, பிரிண்டருக்கு அது தெரியவேண்டிய விஷயமே இல்லை. அந்த ஈனமை ரேட்டோட பொது ஹெடருக்கு நகர்த்துங்க. பிரிண்டர்தான் ஏற்கெனவே ரேட்-ஐ டெப்ஸ்ல வச்சிருக்கே, அங்கிருந்து எடுத்துக்கிடட்டும். பிரிண்டர்.ஹெச்-லயே அந்த ஈனம் ஃபங்ஷன்ல வந்தா மட்டும் டெப்ஸை பப்ளிக்_டெப்ஸ் ஆக்குங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நகர்த்திட்டேனுங்க. பிரிண்டர்.ஹெச்-ல அது வரலை, அதனால டெப்ஸாவே இருக்குது. பிரிண்டரும் செக்_டார்கெட்ஸ்ல ஏறியாச்சு. பாக்கி இருக்கறது டெஸ்ட் டார்கெட்டுகள், அதுக்கு டெஸ்ட்ஒன்லி (டெஸ்டுக்கு மட்டும்ங்கற குறி) போடணும், அதுல வர்ற சந்தேகத்தைத் தனி இழையில கேக்கறேன்.